ஹட்டனில் லெப்டொப், லண்டனில் வாடிக்கையாளர்: டொலரில் உழைக்கும் மலையகத்தாருக்கு வருமான வரி வழிகாட்டி

மலையகத்துக்கு டொலர் வரும் வழி இப்போது தேயிலை மட்டும் இல்லை. தலவாக்கலையில் ஓர் அறைக்குள் இருந்தபடி லண்டன் பேக்கரிக்கு லோகோ வரைகிறார்கள். பண்டாரவளையிலிருந்து டொரன்டோ பிள்ளைகளுக்கு ஸூமில் கணக்குப் பாடம் எடுக்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கையை யூடியூப்பில் போட்டு உழைப்பவர்களும் இருக்கிறார்கள். வங்கி வழியாக வந்த இத்தகைய வெளிநாட்டு வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு போய்விட்டது.

இவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக வரிக் கோப்பு திறக்கப் போகிறவர்கள். அப்பா அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவர்களுக்குத் தெரிந்த பிடிப்பு ஈ.பி.எஃப். மட்டும். அதனால் ஊரில் அரைகுறைத் தகவல்தான் சுற்றுகிறது. "டொலர் வந்தாலே 36 வீதம் வெட்டுவாங்க" என்று ஒருவர் சொல்வார். "சின்னக் காசுதானே, யாருக்குத் தெரியப்போகுது" என்பார் இன்னொருவர். இரண்டும் ஆபத்தான பேச்சு. முதலாவதை நம்பியவர் பயந்துபோய்க் காசை ஒளிக்கிறார், இரண்டாவதை நம்பியவர் அபராதத்தில் மாட்டுகிறார்.

கீழே உள்ளவை 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான மதிப்பீட்டு ஆண்டுக்குரிய விதிகள். வரி விகிதங்கள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் கேள்வி: வரிச் சட்டப்படி நீங்கள் எந்த நாட்டுக்காரர்?

பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று வரிச் சட்டம் முதலில் பார்ப்பதில்லை. நீங்கள் எங்கே வதிகிறீர்கள் என்பதுதான் அதற்கு முக்கியம். இலங்கையில் குடியிருப்பவர், அல்லது 12 மாத காலத்துக்குள் 183 நாட்களோ அதற்கு மேலோ இங்கு இருந்தவர், வதிபவர் என்று கொள்ளப்படுவார். வதிபவருக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்த வருமானமும் இங்கு கணக்கில் சேரும். வதியாதவருக்கு இலங்கைக்குள் உழைத்தது மட்டும்தான் சேரும்.

ஹட்டனில் உட்கார்ந்து அமெரிக்கக் கொம்பனிக்கு வேலை செய்கிறவர் இலங்கையில் வதிபவர். அந்தச் சம்பளம் அமெரிக்காவிலிருந்து வந்தாலும் வரிக் கணக்கு இங்கேதான்.

வளைகுடாவில் வேலை செய்பவர்களின் வீட்டார்தான் அதிகம் பயப்படுகிறார்கள். "தம்பி, மகள் குவைத்துல இருந்து அனுப்புற காசுக்கும் வரி கட்டணுமா?" என்று ஓர் அம்மா கேட்டால் பதில் இதுதான்: இல்லையம்மா, வேண்டியதில்லை. மகள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்து, அங்கேயே வேலை செய்கிறார். அந்தச் சம்பளத்துக்கு இங்கு வரி இல்லை. அவர் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசு உங்களுடைய வருமானமும் ஆகாது. ஆனால் அந்தக் காசை உங்கள் பெயரில் நிலையான வைப்பில் போட்டால், அதில் வரும் வட்டி உங்கள் வருமானம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது: உங்கள் வேலை எங்கே பயன்படுகிறது?

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். டொலர் வந்தால் எல்லாம் "வெளிநாட்டு வருமானம்" என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. செய்த சேவை இலங்கைக்கு வெளியே பயன்பட வேண்டும், கூலி வெளிநாட்டு நாணயத்தில் வர வேண்டும், அது வங்கி வழியாக இலங்கைக்குள் வந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் உச்சபட்சம் 15 வீதம் என்ற சலுகை கிடைக்கும்.

லண்டன் பேக்கரியின் லோகோ லண்டனில் பயன்படுகிறது, சலுகை உண்டு. டொரன்டோ பிள்ளைக்கு எடுத்த பாடம் டொரன்டோவில் பயன்படுகிறது, அதற்கும் உண்டு. எல்லயில் வீட்டு மாடியில் இரண்டு அறையை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிங் தளம் வழியாக டொலரில் காசு வரும், வருகிறவர்களும் வெளிநாட்டவர். ஆனாலும் அவர்கள் தூங்கியது எல்லயில், சாப்பிட்டது எல்லயில். சேவை இங்கேயே பயன்பட்டுவிட்டது. ஆகவே இது சாதாரண உள்ளூர் வியாபாரம், சாதாரண விகிதம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு வேன் ஓட்டி சுற்றுலாப் பயணியிடம் டொலர் வாங்குபவருக்கும் இதே விதி.

வெளிநாட்டு நிறுவனத்தில் நிரந்தர ஊழியராக, வேலை ஒப்பந்தத்தோடு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் நீங்கள் ஊழியரா, சுயமாக வேலை செய்து பில் அனுப்புபவரா என்று பாருங்கள். சுயமாகச் செய்பவர் டேட்டா, மின்சாரம், லெப்டொப் போன்ற செலவுகளைக் கழிக்கலாம். ஊழியருக்கு அந்தக் கழிவு இல்லை. உள்ளூர் நிறுவனமென்றால் சம்பளத்தில் வரியைப் பிடித்துத் தானே கட்டிவிடும். வெளிநாட்டு முதலாளி பிடிக்கமாட்டார், நீங்களேதான் கட்ட வேண்டும்.

ஏன் 15 வீதம்?

இதை விளங்கிக்கொண்டால் மற்ற விதிகளும் விளங்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் திட்டத்தை அனுமதித்தது. வரி விலக்குகளைக் குறைத்து அரச வருமானத்தைக் கூட்டுவது அதன் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. சேவை ஏற்றுமதிக்கு 30 வீதம் என்றுதான் முதலில் பேச்சு இருந்தது, முடிவானது 15. காரணம் எளிது. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு டுபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விடலாம். தேயிலை மலையைத் தூக்கிக்கொண்டு யாரும் போக முடியாது.

உலகமயத்தில் வரி நகர்வது இப்படித்தான். ஓடக்கூடிய வருமானத்தின் மீது அரசுகள் இலேசாகக் கை வைக்கின்றன. ஓட முடியாததன் மீது அழுத்திக் கை வைக்கின்றன. கொழுந்து பறிக்கும் ஒருவரின் சம்பளம் வருமான வரி எல்லைக்குக் கிட்டவும் வராது. ஆனால் அவர் கடையில் வாங்கும் எத்தனையோ பொருட்களில் 18 வீதம் பெறுமதி சேர் வரி இருக்கிறது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மலையகத்துக்கு இது புதுக்கதையும் அல்ல. இலங்கையில் வருமான வரி 1932இல் தொடங்கியபோது, இங்குள்ள தோட்டங்களில் கணிசமானவை லண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கொம்பனிகளிடம் இருந்தன. மலை இங்கே, உழைப்பு இங்கே, பங்குக்காரர் அங்கே. இலாபத்துக்கு எந்த அரசு வரி போடுவது என்ற கேள்வி அன்றே இருந்தது. 1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகும் வரை அது நீடித்தது. இன்று அதே கேள்வி கூகுள், மெட்டா போன்ற பெரும் கொம்பனிகளைச் சுற்றி எழுந்திருக்கிறது. 2021 ஒக்டோபரில் 136 நாடுகள், பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஆகக்குறைந்தது 15 வீத வரி என்று உடன்பட்டபோது இலங்கை, பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நான்கும் சேரவில்லை. உங்களுடைய 15 வீதமும் அந்த 15 வீதமும் ஒன்றல்ல. அது நிறுவனங்களுக்கு, இது உங்களுக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காசு வரும் பாதையைச் சரிசெய்யுங்கள்

சலுகை முழுவதும் வங்கி வழியில்தான் தங்கியிருக்கிறது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் காசு மாற்றும் முறையில், வாங்கினாலோ, ஊருக்கு வந்த உறவினர் கையில் பவுண் நோட்டாகத் தந்தாலோ, அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. சலுகை மட்டும்தான் போகும். 36 வீதம் வரை ஏறும் சாதாரண விகிதம் பொருந்தும். உண்டியலில் ரேட் இரண்டு ரூபா கூட என்று சொல்வார்கள். அந்த இரண்டு ரூபாவையும், இழக்கும் சலுகையையும், கையில் ஒரு துண்டு ஆதாரமும் இல்லாத நிலையையும் சேர்த்து யோசியுங்கள்.

இங்கே கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. வங்கிக் கணக்கு இல்லாத தம்பி, அக்காவின் கணக்குக்குக் காசை எடுப்பது. இளவயதில் வேலை தொடங்கும் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் அக்காவின் கணக்கில் டொலர் வரவாக வந்து நிற்கும். அவர் பாடசாலை ஆசிரியையாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். உழைப்பவர் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பயோனியர் (வெளிநாட்டுக் காசை வாங்கித் தரும் இணையச் சேவை), ஃபைவர் (இணைய வேலைத் தளம்) எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொன்று என்று இருப்பது சகஜம். அதை இப்போதே பிரதேச செயலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். காசு நடுவழியில் நின்ற பிறகு திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுபடும்.

வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறப்பது நல்லது. டொலர் டொலராகவே வந்து நிற்கும், தேவையானபோது ரூபாவாக்கலாம், வந்த பாதையும் ஆவணத்தில் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் உள்வரும் பண அறிவித்தலைக் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

டின் நம்பர் எடுப்பது

வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைத்தான் எல்லாரும் டின் நம்பர் என்கிறார்கள். அதை எடுத்தால் உடனே வரி கட்ட வேண்டும் என்ற பயம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது தவறு. நம்பர் இருப்பது வேறு, வரி வருவது வேறு. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி.

திணைக்களத்தின் இணையத்தளத்தில் போனிலேயே பதியலாம். அடையாள அட்டையின் இரு பக்கப் படம், விலாசம், போன் நம்பர், மின்னஞ்சல் இருந்தால் வேலை ஆகும். விலாசத்தில் கவனம் வேண்டும். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கம் கிடையாது. டிவிஷன் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான் விலாசம். கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து அங்கேயே கிடந்துவிடும். வரிக் கடிதம் என்றால் அதில் பதில் சொல்ல வேண்டிய தேதி இருக்கும். ஆகவே கடிதம் ஒழுங்காக வந்துசேரும் விலாசத்தைக் கொடுங்கள், டவுனில் இருக்கும் சித்தப்பா வீடு என்றாலும் பரவாயில்லை. மின்னஞ்சல் உங்களுடையதாகவே இருக்கட்டும். கொமியூனிகேஷன் கடைக்காரருடைய மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிய வேண்டாம்.

நம்பர் வந்த பிறகு இணையச் சேவைக்கான பின் (PIN) இலக்கத்தைத் தனியாக எடுக்க வேண்டும். அது இருந்தால்தான் விபரத்திரட்டை, அதாவது வருட வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவத்தை, இணையத்தில் அனுப்பலாம். சிக்கல் வந்தால் 1944க்கு அழைக்கலாம், அல்லது கண்டியில் உள்ள பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். தமிழில் பேசவும் எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் தமிழிலேயே கேளுங்கள்.

கணக்கு எழுதுங்கள், அன்றன்றைக்கு

பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். ஒரு சி.ஆர். கொப்பி போதும், எக்செல் தெரிந்தால் அதுவும் சரி. ஒரு வரி இப்படி இருக்கும்:

ஜூன் 12 – லண்டன் பேக்கரி, லோகோ – வாடிக்கையாளர் கொடுத்தது 100 டொலர் – ஃபைவர் எடுத்தது 20 – கைக்கு 80 – வங்கிக்கு வந்தது ஜூன் 26 – அன்றைய ரேட் – ரூபாவில் தொகை.

இதில் உங்கள் வருமானம் 100 டொலர், 80 அல்ல. ஃபைவர் எடுத்த 20 வீதம் உங்கள் செலவு. இறுதித் தொகை ஒன்றாகத்தான் வரும், ஆனால் எழுதும் முறை இதுதான். தளத்தின் அறிக்கையில் 100 இருக்கும், வங்கியில் 80க்கும் குறைவாக இருக்கும். இடையில் போனது என்ன என்று காட்ட உங்கள் கொப்பிதான் சாட்சி.

வருமானம் உழைப்பதற்காகச் செய்த செலவுகளைக் கழிக்கலாம்: தளக் கட்டணம், பயோனியர் கட்டணம், வேலைக்கு வாங்கிய மென்பொருள் சந்தா, டேட்டா, மின்சாரத்தில் வேலைக்குரிய பங்கு. மழைக் காலத்தில் கரண்ட் போனால் வேலை நின்றுவிடும் என்று வாங்கிய யூ.பி.எஸ்.கூட வேலைக்கான பொருள்தான். லெப்டொப்பை ஒரே வருடத்தில் முழுதாகக் கழிக்க முடியாது, 5 வருடத்துக்குப் பிரித்துக் கழிக்க வேண்டும். இரண்டரை இலட்சத்துக்கு வாங்கியிருந்தால் வருடத்துக்கு 50,000. தம்பி அதில் பாதி நேரம் கேம் விளையாடுகிறான் என்றால் 25,000 மட்டும். வீட்டுச் சாப்பாடு, கோயில் திருவிழாக் காசு, சீட்டுக் காசு எதுவும் இதில் வராது.

பற்றுச்சீட்டுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் பில் மங்கிப்போகும், பூஞ்சணம் பிடிக்கும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

இப்போது வரியைப் பார்ப்போம்

தனிநபர் நிவாரணம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. 2025 மார்ச் வரை அது 12 இலட்சமாக இருந்தது. உங்கள் மொத்த வருமானத்தில் இந்த 18 இலட்சத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் வரி. சலுகைக்குரிய வெளிநாட்டு வருமானத்துக்கு, மிஞ்சியதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 15 வீதம்.

செலவெல்லாம் கழித்து மாதம் 2 இலட்சம் மிஞ்சும் ஒருவர்: வருடத்துக்கு 24 இலட்சம். 18ஐக் கழித்தால் 6 இலட்சம். அதில் 6 வீதம் 36,000 ரூபா. மாதத்துக்கு 3,000. "36 வீதம் வெட்டுவாங்க" என்ற பயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாதம் 3 இலட்சம் மிஞ்சுபவர்: வருடத்துக்கு 36 இலட்சம், வரிக்குரியது 18 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000. மீதி 8 இலட்சத்துக்கு 15 வீதம் 1,20,000. மொத்தம் 1,80,000. எல்லயில் அறை வாடகைக்கு விட்டு இதே தொகையை உழைப்பவருக்கு 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, மீதி 3 இலட்சத்துக்கு 24. அதாவது 60,000, 90,000, 72,000 சேர்ந்து 2,22,000. வித்தியாசம் 42,000. வருமானம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும்.

இனி, அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். பாடசாலையில் மாதம் 80,000 சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர், மாலையில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஸூமில் வகுப்பெடுத்து வருடத்தில் 15 இலட்சம் உழைக்கிறார் என்று வையுங்கள். சம்பளம் மாதம் 1,50,000க்குக் கீழே, அதனால் அதில் வரி பிடிக்கமாட்டார்கள். வகுப்பு வருமானமும் 18 இலட்சத்துக்குக் கீழே. ஆகவே இரண்டுக்கும் வரி இல்லை என்று அவர் நினைப்பார். ஆனால் நிவாரணம் ஆளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று அல்ல. 9,60,000ஐயும் 15,00,000ஐயும் கூட்டினால் 24,60,000. வரிக்குரியது 6,60,000, வரி 39,600. இதை விபரத்திரட்டு நிரப்பும் நவம்பரில் அறிவதைவிட முன்கூட்டியே அறிந்து மாதாமாதம் எடுத்துவைப்பது நல்லது.

அமெரிக்கா பிடித்துக்கொண்ட வரி

யூடியூப் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் வீடியோவைப் பார்த்ததால் வரும் பங்குக்கு அமெரிக்கா வரி பிடிக்கிறது, 2021 ஜூன் முதல். யூடியூப் காசு வந்துசேரும் கூகுளின் அட்சென்ஸில் வரித் தகவல் படிவத்தை நிரப்பாவிட்டால் அமெரிக்கப் பங்கில் மட்டும் அல்ல, உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்தத்தில் 24 வீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பினால் அமெரிக்கப் பங்குக்கு மட்டும் 30 வீதம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இரட்டை வரி ஒப்பந்தத்தை (ஒரே வருமானத்துக்கு இரு நாட்டிலும் முழு வரி விழாமல் தடுப்பது) அதே படிவத்தில் குறிப்பிட்டால் 10 வீதம்.

வருடத்தில் 30 இலட்சம் வருகிறது, அதில் 5 இலட்சம் அமெரிக்கப் பார்வையாளரால் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவமே இல்லை என்றால் 7,20,000 போய்விடும். ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு நிரப்பினால் 50,000 மட்டும். பதினைந்து நிமிட வேலைக்கு இவ்வளவு வித்தியாசம். ஒப்பந்தச் சலுகையைக் கேட்க அந்தப் படிவத்தில் உங்கள் நாட்டு வரி இலக்கம் வேண்டும். டின் நம்பரை நீங்களே தேடிப்போய் எடுக்க இதைவிட நல்ல காரணம் இல்லை. படிவம் கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின்னான மூன்றாவது வருட முடிவோடு காலாவதியாகும், அதையும் குறித்துவையுங்கள்.

அப்வேர்க், ஃபைவர் போன்றவற்றில் நீங்கள் இலங்கையில் இருந்து வேலை செய்வதால் அமெரிக்கா வரி பிடிக்காது. நீங்கள் அமெரிக்கர் இல்லை என்ற படிவத்தை மட்டும் கேட்பார்கள்.

வெளிநாட்டில் உண்மையாகவே வரி பிடித்திருந்தால், அதே வருமானத்துக்கு இங்கு கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்த வருமானத்துக்கு இங்கு எவ்வளவு வரி வருமோ அவ்வளவுக்குத்தான் கழிவு, அதற்கு மேல் பிடித்தது திரும்பி வராது. கழிப்பதற்கு, வரி பிடித்ததற்கான அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். இந்தியா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளோடும் இலங்கைக்கு இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு. நம்மவர்களின் வாடிக்கையாளர்கள் பலர் இந்த நாடுகளில் இருக்கிறார்கள்.

கட்டும் தேதிகள்

வரியை ஒரேயடியாகக் கட்டுவதில்லை. உழைத்துக்கொண்டிருக்கும்போதே நான்கு தவணை: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. கூடக் குறைய இருந்தால் செப்டம்பர் 30க்குள் மீதி. விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். 2025/2026க்கு அது 2026 நவம்பர் 30.

வருமானம் ஒழுங்காக வராதவர்களுக்குத் தவணை கஷ்டம்தான். ஒரு மாதம் 5 இலட்சம், அடுத்த மாதம் ஒன்றுமில்லை என்று இருக்கும். ஒவ்வொரு வரவிலும் பத்தில் ஒரு பங்கை வேறு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மேலே பார்த்த அளவு வருமானத்துக்கு அது போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். இணைய வங்கியில் கட்டும்போது வரி வகைக் குறியீடும் காலக் குறியீடும் சரியா என்று இரண்டு தடவை பாருங்கள். தவறான காலத்துக்குப் போன காசு உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் உரிய தவணை கட்டாததாகக் காட்டும்.

தாமதித்தால் கட்டாத வரிக்கு மாதம் 1.5 வீதம் வட்டி. விபரத்திரட்டைப் பிந்தி அனுப்பினால் தனியாக அபராதம், அது 4 இலட்சம் ரூபா வரை போகலாம். 36,000 ரூபா வரி கட்ட வேண்டிய பிள்ளை அதைவிடப் பல மடங்கு அபராதம் கட்டுவதைப் போலக் கொடுமை இல்லை. காசு கையில் இல்லாவிட்டாலும் விபரத்திரட்டை நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள். காசுக்குத் தவணை கேட்டுப் பேசலாம், போன தேதியைத் திருப்பி எடுக்க முடியாது.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காக

முன்பு சொன்ன வட்டிக்கு வருவோம். 2025 ஏப்ரல் முதல் வங்கி வைப்பு வட்டியில் 10 வீதம் பிடித்துத்தான் தருகிறார்கள், முன்பு அது 5 வீதம். ஓய்வுபெற்ற அப்பாவின் ஈ.பி.எஃப். காசோ, குவைத்திலிருக்கும் அக்கா அனுப்பிச் சேர்ந்த காசோ நிலையான வைப்பில் இருந்தால் அதிலும் பிடிப்பு நடக்கும். அவர்களுடைய வருட வருமானம், வட்டி உட்பட, 18 இலட்சத்தைத் தாண்டாது என்றால், சுய பிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்து அந்தப் பிடிப்பை நிறுத்தலாம். அதற்கு டின் நம்பர் வேண்டும். படிவத்தை ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும், எத்தனை வங்கியில் வைப்பு இருக்கிறதோ அத்தனை வங்கியிலும்.

வருடத்துக்கு 1,20,000 ரூபா வட்டி வரும் ஓர் அம்மாவுக்கு 12,000 ரூபா பிடிபடுகிறது. கொழுந்து பறித்துச் சேர்த்த காசின் வட்டியில் அது சின்னத் தொகை இல்லை. அவராகவே இணையத்தில் பதிந்து, படிவம் நிரப்பி, வங்கியில் கொடுக்கப் போவதில்லை. உங்களுக்கு டின் நம்பர் எடுக்கும் அன்றே அம்மாவின் அடையாள அட்டையையும் வாங்கி அவருக்கும் பதிந்துவிடுங்கள். அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது அவரையும் வைப்புப் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். இந்த வருடம் ஏற்கெனவே பிடித்திருந்தால், அதற்கான சான்றிதழை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். விபரத்திரட்டு அனுப்பி மீளப்பெற அது தேவைப்படும்.